இஸ்டோர் வேலை

எங்கே வேலை என்று பஸ்ஸில் கேட்டவரிடம்
இஸ்டோரில் என்றேன்.
ரோலரிலா, டிரையரிலா என்றார்.
மலையில் அந்தச் சொல்லுக்கு ஒரே கட்டடம்தான்:
தகரக் கூரை, நாலு மாடி, வாடும் கொழுந்தின் வாசம்.
டிரையர் பக்கம் என்று சொல்லிவைத்தேன்.
முழுப் பொய்யில்லை.
எங்கள் பெட்டிகளும் சூடு கக்கும்.

ஹட்டனில், ரிஸ்மி முதலாளியின்
ஹார்ட்வெயார் கடைக்கு மேலே தொடங்கினோம்.
மூன்று பேர், ஒரு ராக்.
கொழும்பில் லீக்ஸ் இறக்கிவிட்டு
வெறுமனே திரும்பிய லொறியில்
சாக்கு சுற்றி வந்து சேர்ந்தது அது.
ஏசிக்குக் காசில்லை, ஜன்னலைத் திறந்தோம்.
கொழும்புக்காரன் பில் கட்டி வாங்கும் குளிரை
இந்த ஊர் சும்மா தருகிறது என்று
வங்கி மேனேஜரிடம் சொன்னாள் யோகமலர்.
அதே வாரம் மூடுபனி உள்ளே வந்து
போர்டின் மேல் வியர்வையாய் உட்கார்ந்தது.
ஒரு லீசிங் கம்பனியின்
ஆயிரத்து நூறு திரீவீல் ஒப்பந்தங்கள்
பதினாறு மணி நேரம்
எங்குமே இல்லை.
லஹிரு முடி உலர்த்தும் மெஷினோடு
தரையில் குந்தி ஊதிக்கொண்டே இருந்தான்.
கீழே யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.
விடியும்போது ஒரு பச்சை விளக்கு.

பிறகு வளர்ந்தோம்.
ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே நெஞ்சுகள் வந்தன,
இரண்டு கார்மென்ட்ஸின் அளவுகள்,
ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தீராத கடன்கள்.
இப்ப எத்தனை டேராபைட்டு தம்பி என்பார் முதலாளி,
வாடகை கூட்டும் மாதங்களில் மட்டும்.

யோகமலர் எழுதிய நிரல்
வருவதைத் துண்டு துண்டாய் நறுக்கும்.
ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கும்.
முன்பே இருந்தால் வாங்கி வைக்காது,
அது கிடக்கும் இடத்தை
விரலால் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும்.
மற்றவர்கள் பத்துப் பெட்டியில் வைப்பது
எங்களுக்கு ஒன்றில் அடங்கியது.

மூன்றாம் வருடம் தோட்டக் கம்பனி வந்தது.
பதினான்கு தோட்டம்,
முப்பத்தெட்டு வருடச் செக்ரோல்,
கறையான் தின்றது போக மீதியைத்
தட்டச்சில் ஏற்றிக் கொடுத்தார்கள்.
அதை விழுங்கத் தொடங்கிய இரவு
ஒன்றுக்குப் பதினேழாய் இருந்த விகிதம்
இருபத்தாறு, நாற்பது,
அறுபத்தொன்று.
பிழை என்றுதான் நினைத்தோம்.
எந்தத் துண்டு இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று
தேடினாள்.
சைபர் தசம் ஐந்து.

எங்கள் பக்கத்தில்
ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் பெயர்.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
மழைக்கு ஒதுங்கினால் அரைப்பேர்.
பிரட்டுக்குப் பிந்தினால்
அதுவும் கணக்கப்பிள்ளை மனம்வைத்தால்.
அம்மாவின் நம்பரை நான் தேடவில்லை.
தேடினாலும் அந்த ஒரே துண்டுக்குத்தான்
விரல் நீண்டிருக்கும்.
எத்தனையோ லட்சம் அரைகள்.
ஒன்றை வைத்திருக்கிறோம், போதும்.
கடுகளவு இடமும் கேட்கவில்லை அது.

அறுபத்தொன்றைப் பார்த்துத்தான்
சிங்கப்பூர்ப் பணம் வந்தது.
எப்படி இவ்வளவு சுருங்குகிறது என்று கேட்டார்கள்.
தரவு அப்படி சார் என்றாள் யோகமலர்,
போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

இப்போது நாற்பத்து மூன்று பேர்.
இரண்டாம் பிரதி பண்டாரவளையில்,
ஒரு மலை சரிந்தாலும் இன்னொரு மலை வைத்திருக்கும்.
வாசலில் விரல் பதியும் மெஷின்.

போன மாதம் கினிகத்தேனையில் மண் இறங்கி
ரோட்டு மூடிய காலையில்
இரண்டு மைல் நடந்து வந்தான் தினோஷன்.
பத்தேகால்.
முழங்கால்வரை சேறு.
சட்டையில் துடைத்துவிட்டு விரலை வைத்தான்.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் என்னிடம் வந்தது.
நாற்பத்து மூன்று வரி,
பண்டாரவளைக்குப் போகும் அவசரம்,
சரி என்று அழுத்தினேன்.
தினோஷனின் வரி அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.
நிரல் அதைக் கையில் எடுத்து
முகர்ந்து பார்த்து
திரையின் அடியில் எழுதியது:

புதிதாக வைக்க ஒன்றுமில்லை.
ஏற்கனவே இருக்கிறது.