பதினேழு ஓட்டைகள்

பதினேழு என்கிறான் வாகீசன்.
நான் எண்ணியதில் பத்தொன்பது.
குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இரண்டை
அவன் கணக்கில் சேர்ப்பதில்லை,
அவை அவன் பிழையாகத் துளைத்தவை.

ஓல்டனில், ஆரே ஆற்றுக்கு ஒரு தெரு தள்ளி
மூன்றாம் மாடி.
திறப்பை ஒப்படைக்க இன்னும் பன்னிரண்டு நாள்.
ஆணி அடித்த இடமெல்லாம்
வெள்ளைப் பசை வைத்து அடைக்கிறோம்.
கடையில் வாங்கிய பசை முடிந்ததும்
பற்பசை.
"உதை ஒருத்தருக்கும் சொல்லாதை."
யாருக்குச் சொல்லப்போகிறேன்.

வீட்டு நிர்வாகம் அனுப்பிய தாள் நாலு பக்கம்.
குழாய் வாயில் சுண்ணாம்புக் கறை கூடாது.
போறணைக் கதவிடுக்கில் எண்ணெய் கூடாது.
யன்னல் சட்டத்தில் விரல் அடையாளம் கூடாது.
ஆறு வருடமாய் இங்கே எவரும்
மீன் பொரிக்கவில்லை,
செத்தல் மிளகாய் வறுக்கவில்லை,
கோபத்தில் கதவை அறையவில்லை என்று
ஹுன்சிகர் என்றொரு மனிதர் வந்து
தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து
ஒப்பமிட வேண்டும்.

மேசையில் மற்றத் தாள்.
அது வெலிங்டனில் இருந்து.
வேலை அவனுக்கு,
எனக்குத் 'துணை' என்ற கட்டத்தில் ஒரு புள்ளடி.
அவர்கள் கேட்பது தலைகீழாய்:
நானும் இவனும் இந்த வீட்டில்
சேர்ந்து வாழ்ந்ததற்குத் தடயம்.
தாலி இல்லை, பதிவு இல்லை.
அம்மாவுக்கு அவன் இன்னும்
'அந்தப் பொடியன்'.
ஆகவே இரண்டு பெயரிலும் வந்த மின்கட்டணம்,
காப்புறுதிக் கடிதம்,
திகதியோடு படங்கள், இருவரும் தெரிய.

படம்தான் இல்லை.
அவன் எடுத்ததில் நான்,
நான் எடுத்ததில் அவன்,
மூடுபனியில் மரப்பாலம், ஆளில்லாமல்.
இருவரும் நிற்கிற ஒன்றில்
பாதி யாரோ ஒருவரின் கட்டைவிரல்.

"போறணையைப் படம் எடுத்து அனுப்புவம்,
கழுவ முன்னம்."
நான் ஏணியால் இறங்கி
தரையில் இருந்து சிரித்தேன்.

தரைதான் இருக்கிறது இப்போது.
சோபாவை எரித்திரிய அண்ணன் தம்பி
படியில் மூன்று இடத்தில் இடித்து இறக்கினார்கள்
(சுவர்க் கீறல், ஹுன்சிகர், பற்பசை).
கட்டிலை வாங்கியவர் இரண்டு தரம் விலை குறைத்துவிட்டு
போகும்போது சொக்லேற் தந்தார்.
அரைக்கும் மிசினை நான் விடமாட்டேன்.
அங்கே சுவரின் மூக்குத்துளை வேறு மாதிரி என்கிறான்.
இருக்கட்டும்.

மெத்தையில் படுத்தால்
ரயில்கள் முதுகுக்குள்ளால் போகின்றன.
ஓல்டன் என்றால் எல்லோரும் சொல்வது ஒன்று:
"ஓ, அங்கே ரயில் மாறியிருக்கிறேன்."
நாங்கள் இறங்கி வெளியே வந்தவர்கள்.
நேற்று நிலையத்தில், தூரங்களை எண்ணத் தொடங்கும்
அந்தப் பூச்சியக் கல்லின் பக்கத்தில் நின்று
ஒரு பயணியிடம் போனைக் கொடுத்தோம்.
அவர் ரயிலுக்கு இரண்டு நிமிடம்.
என் காற்சட்டையில் வெள்ளை,
அவன் கண் மூடியிருக்கிறது,
திகதி மட்டும் தெளிவு.

நல்ல சாட்சி இன்று காலை அகப்பட்டது.
நிலவறைப் பெட்டியில்,
சப்பாத்துக் கடதாசிகளோடு ஒரு கடிதம்.
இரண்டாம் மாடி சூட்டர், பதிவுத் தபாலில்,
எங்கள் இருவர் பெயரும் எழுத்துப்பிழை இல்லாமல்:
நவம்பர் ஒன்பதாம் திகதி
இரவு பதினொன்றரை தொடக்கம் ஒன்றேகால் வரை
மேல்வீட்டில் இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள்,
பிறகு ஒருவர் அழுதார்,
பிறகு நீண்ட நேரம் பாத்திரம் கழுவும் சத்தம்.

அன்றைக்குத்தான் அவன் முதன்முதல்
வெலிங்டன் என்று சொன்னது.
அழுதது நானில்லை.

கடிதத்தை வருடி மடிப்பு நீக்கினான்.
இணைப்பு பதினொன்று என்று
மூலையில் பென்சிலால் எழுதினான்.
"ஹுன்சிகர் வரேக்கை
இது மேசையிலை கிடக்கக் கூடாது."

இரவு, குளியலறைக்குள் இருந்து
வாய் நிறையத் தண்ணீரோடு ஒரு குரல்.
பசை முடிஞ்சுதாம்.
எந்தப் பசை என்று கேட்டேன்.