உள்தையல்

ஐம்பத்தெட்டுக் கிலோ நான்.
கிலோவுக்கு ஒன்று தசம் ஆறு கிராம் புரதம்,
பெருக்கினால் தொண்ணூற்று மூன்று.
மகளின் பள்ளி நாட்காட்டிக்குப் பக்கத்தில்
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஒரு கோப்பை கட்டிப் பருப்பு பதினெட்டு.
நான் ஊற்றுகிற பருப்பு, அதாவது
சோற்றின் மேல் மஞ்சளாய்த் தெரிவது,
ஆறு இருந்தால் அதிகம்.
நாற்பது வருடமாய்ப் பருப்பென்று
தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் கணக்கு இடிக்கும்.
முட்டை இல்லை, மீன் இல்லை.
கெட்டித் தயிர், சோயா, வறுத்த கடலை
எல்லாம் போட்டும் எழுபதில் நின்றுவிடும்.
மிச்சம் இருபத்து மூன்றை
முருகன் பேரில் எழுதி வைக்கிறேன்.

போன பெப்ரவரி.
வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தாறு.
ஏழாம் அறை மிஸ்டர் கோவல்ச்சுக்
கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே
என் கைகளில் சரிந்தார்.
எண்பத்து நாலு கிலோ மனிதர்.
அவர் விழவில்லை.
விழுந்தது என் முதுகு.

இனிக் கனம் தூக்காதே என்பாள்
என்று நினைத்துப் போனேன் பிசியோகாரியிடம்.
தூக்கு என்றாள்.
ஒழுங்காகத் தூக்கு.

அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு
இரவு வேலை முடிந்த கையோடு
பெம்பினா நெடுஞ்சாலையில்
டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை.
பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக்
காலுறையோடு நிற்பேன்.
இரும்பும் என்னைப் போலத்தான்,
சூடேற நேரமெடுக்கும்.

ஒக்ஸானாவின் இங்கிலீஷில் பாதி போய்
என்னுடையதில் பாதி போய்
மிஞ்சியவை இவை:
முதுகை வளைக்காதே, இடுப்பைப் பின்னால் தள்ளு,
இரண்டு கையிலும் கடைப் பைகளோடு
கார்க் கதவைச் சாத்துவாயே, அப்படி.
மூச்சை வயிற்றில் பூட்டு.
இரும்பை இழுக்காதே, தரையை உதை.
போன வாரத்தைவிட ஒரு கிலோ கூட.
முடியாவிட்டால் ஒரு தடவை கூட.
அதுவும் முடியாவிட்டால், வந்தாயே, போதும்.
பிறகு போய் நித்திரை கொள்.
இங்கே கிழிகிறது, அங்கேதான் வளர்கிறது.

அந்தக் கடைசிப் பாடம்தான் கஷ்டம்.
ஜன்னலுக்குக் கம்பளி அடித்திருக்கிறேன்.
சமையலறையில் நிமலன்
சத்தமில்லாமல் தட்டு வைக்கப் பழகிவிட்டார்.
தட்டுச் சத்தம் கேட்பதில்லை,
அவர் கவனமாயிருக்கிற சத்தம் கேட்கிறது.

"ஆம்பிளை மாதிரி வரப்போறாய்"
என்றாள் மச்சாள் சுகிர்தா, தொலைபேசியில்.
அப்படி வர இன்னும் பத்து வருஷமும்
மாதம் அரை ஆடும் வேணும் மச்சாள்,
எனக்கு ரெண்டுக்கும் வசதியில்லை.

வெறும் கம்பில் தொடங்கினேன்.
இப்போது அறுபது.
என்னையே தூக்கிவிட்டு
மேலே இரண்டு கிலோ.
யாரும் கைதட்டவில்லை. ஒக்ஸானா
அலைபேசியில் யாரோடோ சண்டையிலிருந்தாள்.

இன்று கல்யாணத்துக்காக
ஊதாச் சேலையின் ரவிக்கையை எடுத்தேன்.
முழங்கை தாண்டியது, கை நின்றுவிட்டது.
இழுத்தேன். ஏறவில்லை.

முதலில் வந்தது பழைய வெட்கம்,
உடம்பு கூடிப்போனால் வருவது.
பிறகு கண்ணாடிக்கு முன்னால்
யாருமில்லையென்று பார்த்துவிட்டுக்
கையை மடக்கினேன்.
ஓர் அவித்த முட்டை அளவுக்கு,
அவ்வளவுதான்,
தோலுக்குக் கீழே ஏதோ எழுந்து உட்கார்ந்தது.

ரவிக்கையை உள்புறம் திருப்பினேன்.
எந்த ஊரில் எவர் தைத்தாரோ,
எதற்கும் கிடக்கட்டும் என்று
ஒன்றரை அங்குலத் துணி விட்டிருந்தார்.
பிளேடால் ஒவ்வொரு தையலாய்ப் பிரித்தேன்,
எட்டு, பிறகு மூச்சு, பிறகு எட்டு.
வெளிச்சமே படாத ஊதா
மடிப்பிலிருந்து வந்தது, புதுசாய்.

முழுவதும் பிரிக்கவில்லை.
அரை அங்குலம் உள்ளே இருக்கிறது.

புதன்கிழமை. ஓய்வு நாள்.
இரண்டு முட்டை உடைத்து ஊற்றினேன்.
பன்னிரண்டு.
இன்னும் எண்பத்தொன்று.