மெதுவாக மிதித்தால்

பதினாறு நாள் அது வரவில்லை.
பதினேழாம் நாள், ரயில் கடவையில்,
முன்னால் லீக்ஸ் ஏற்றிய லொறி, பின்னால் ஹோர்ன் அடிக்கும் பஸ்,
ரொட்டி மாவில் புதைவது போல
கிளச் பெடலோடு என் கால் கீழே போனது.
காலை எடுத்தேன்.
பெடல் அங்கேயே கிடந்தது.

நாலு தரம் அமுக்கினேன். ஐந்தாவதில் எழுந்தது,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.

நிஹ்மத் பாஸின் கராஜில் மட்டும் அது நல்ல பிள்ளை.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்,
டக் டக் டக்கென மிதிப்பார்,
மல்லியப்பு சந்தி வரை ஓட்டிப்போய்த் திரும்புவார்.
"ஒண்டும் இல்ல மிஸ். நல்லாத்தான் ஈக்கி."
கசிவு இல்லை. டப்பாவில் எண்ணெய் குறையவும் இல்லை.
போன மாதம் பிளேட் மாற்றினோம்.
அந்தக் காசில் ஒரு லீசிங் தவணை போயிற்று.

விற்றவர் பண்டாரவளை விஜேகோன் மாத்தயா.
"எனக்கு ஒரு நாளும் அப்படிச் செய்யவில்லையே" என்றார் போனில்.
பொய்யன் என்று நினைத்தேன். எழுதியும் வைத்தேன்.

எனக்குத் தொழில் ரத்தம்.
ஹட்டனில் எடுப்பேன், நுவரெலியாவுக்குக் கொண்டுபோவேன்.
முறைக்காய்ச்சலை நான் கண்ணால் கண்டதில்லை,
பாடத்தில் மட்டும் படித்தேன்:
காய்ச்சல் விட்டபின் அல்ல,
நடுங்கும்போது குத்து.
ஆனால் கார் நடுங்குகிற நேரத்துக்கு
பாஸை எங்கே கூட்டிப்போவது?

ஆகவே பதிவுக் கொப்பியின் பின்பக்கத்தில்:
செவ்வாய், மழை, வரவில்லை.
புதன், வெயில், நானுஓயா வளைவு, வந்தது.
ஞாயிறு, கல்யாண வீடு, ஆறு பேர், ஏற்றம், வரவில்லை.
திங்கள், மூடுபனி, வந்தது. இரண்டு தரம்.
மழையைச் சந்தேகித்தேன், பிறகு சூட்டை,
பிறகு பாரத்தை, பிறகு
வாங்கிய நாளின் நட்சத்திரத்தை.

மின்சாரம் போன ஒரு மாலை
ஜன்னலோரம் தாளைத் தூக்கிப் பிடித்தேன்.
பின்பக்கத்து எழுத்தின் ஊடாக
முன்பக்கத்து எழுத்து தெரிந்தது.
புதன், பதினொரு குழாய். திங்கள், இருபத்து மூன்று.
அது வந்த நாளெல்லாம்
பக்கத்து சீட்டில் ஐஸ் பெட்டி இருந்திருக்கிறது.

குலுங்கினால் அணுக்கள் உடையும்.
அந்த நாட்களில் நான்
குழந்தை தூங்கும் அறையைக் கடப்பவள் போல
மிதிக்கிறேன்.

மறுநாள் போனேன்.
"மெதுவா மிதிங்க பாஸ். இன்னும் மெதுவா.
முதல் கியர்ல போட்டு அப்பிடியே பிடிச்சிக்கிட்டு இருங்க."
அவர் சிரித்தார். பிடித்தார்.
ரேடியோவில் ஒரு விளம்பரம் முடிந்து மற்றது தொடங்கியது.
பிறகு கார், யாரும் கேட்காமலே,
அரை அடி நகர்ந்து ஸ்பேனர் தட்டை முட்டியது.
"அல்லாஹ்" என்றார், பிரேக்கைத் தேடியபடி.

மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே
சுண்டுவிரல் நகமளவு ஒரு ரப்பர் கிண்ணம்.
உதைத்தால் விரிந்து சுவரைப் பிடிக்கும்.
மெல்ல அழுத்தினால், ஓரமாக
எண்ணெய் தனக்குள்ளேயே திரும்பிப் போகும்.
வெளியே ஒரு சொட்டும் வராது.

விஜேகோன் மாத்தயா உதைத்து ஓட்டுகிறவர்.
கொப்பியில் அந்தச் சொல்லை வெட்டினேன்.

ரப்பர் மாற்றி, காற்று எடுக்க என்னை ஏற்றினார்.
அடியிலிருந்து குரல் மட்டும்:
"அமுக்குங்க. பிடிங்க. விடுங்க.
அமுக்குங்க. பிடிங்க."
குமிழி நிற்கும்வரை, தேநீர் ஆறும்வரை.

"இனி வராது" என்கிறார்.
வராததை எப்படி நிரூபிப்பது என்று அவரும் சொல்லவில்லை.
புதன், தூறல், பத்தொன்பது குழாய், கடவை மூடியிருந்தது.
மெதுவாக மிதித்தேன்.
வரவில்லை, என்று எழுதி
அடுத்த வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.