பாத்தி

கேம்ப்பில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்:
தமிழ்நாட்டுக்காரன், இவனுக்குத் தோட்டம் தெரியும்.
தில்பகதூர் விதைப் பொட்டலங்களை
என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான்,
வண்டிச் சாவியை ஒப்படைப்பதுபோல.

எனக்குத் தெரிந்தது உப்பு.
முள்ளக்காட்டில் நாங்களும் பாத்தி கட்டுவோம்.
கடலை உள்ளே விட்டு, வாயை அடைத்து,
வெயிலிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம்.
பாத்தியில் பச்சையாக எதுவும் தெரிந்தால்
அது பாசி. வழித்து எறிய வேண்டும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
இந்தியில் என் கைவசம் இருப்பதோ
எண்களும் வசவுகளும்.
தலையை ஆட்டிவிட்டேன்.

முசாஃபாவில், எங்கள் ஸ்டோரின் பின்சுவருக்கும்
கம்பி வேலிக்கும் நடுவே
நாலு ஆள் படுக்கிற இடம்.
மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரனைக் கண்டதுபோல் இருந்தது.
இங்கே ஒன்றும் முளைக்காது:
இந்த ஒரு தீர்ப்பைச் சொல்ல மட்டும்
எனக்குத் தகுதி உண்டு.
ஆக, தரையை விட்டு மேலே போவதென்று ஆயிற்று.

பலகைக்குப் பஞ்சமில்லை.
வால்வுகளைச் சுமந்து வந்து வேலையிழந்த பாலெட்டுகள்.
எச்.டி. என்று சுட்ட முத்திரையா,
சூட்டில் பக்குவப்பட்ட மரம்.
எம்.பி. என்றால் விஷப்புகை போட்டது, தொடாதே.
பதினொரு வருட ஸ்டோர் உத்தியோகத்தில்
என் சொந்த உபயோகத்துக்கு வந்த முதல் அறிவு.
ஷஃபீகுல் ஆணி பிடுங்கினான்.
நாலடிக்கு மூன்றடி, உயரம் ஒரு முழம்.
அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தோம்.
‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறி
இருட்டுக்குள் போனது.

இனிப்பு மண் என்று கடையில் விற்கிறார்கள்,
மூட்டை பதினெட்டு திர்ஹம்.
பத்து மூட்டை; பதினான்கு பேர்;
ஆளுக்குப் பதின்மூன்று.
மண் வாங்கினேன் என்றேன் போனில்.
‘எத்தனை சென்ட்?’ என்று கத்தினாள் எமல்டா,
பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று.

ஆகஸ்ட் கடைசியில் தக்காளி போட்டேன்.
முளைத்தது. கைதட்டினார்கள்.
மறுநாள் பத்து மணிக்கு
தீயில் காட்டிய நூல்போலக் கிடந்தது.
யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை,
அதுதான் பொறுக்கவில்லை.
அன்றிரவு உண்மையைச் சொன்னேன்.
போனில் படம் காட்டினேன்: வரிசையாக வெள்ளைக் குவியல்கள்.
‘பனியா?’ என்றான் தில்பகதூர், கண் விரிய.
இல்லடா. உப்பு.
உப்பு, உப்பு என்று
அறை முழுக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

அதன்பிறகு பதினான்கு பேருமே புதுசு.
அக்டோபர் வரட்டும் என்று பாகிஸ்தான் டிரைவர் ஒருவர் சொன்னார்.
வந்தது.
கொத்தமல்லியை டம்ளரின் அடியால் உருட்டி
இரண்டாக உடைத்துப் போட்டோம்.
மெஸ்ஸிலிருந்து ஒரு பிடி வெந்தயம் திருடினோம்;
மூன்றாம் நாளே தலை காட்டியது,
திருட்டுப் பொருளின் அவசரத்தோடு.
தண்ணீர், ஏழாம் அறை ஏசியில் சொட்டுவது.
ராத்திரி முழுக்க நாங்கள் விடும் மூச்சும் வேர்வையும்
குழாய் வழியே பெயிண்ட் வாளியில் இறங்குகிறது,
உப்பை எங்கேயோ விட்டுவிட்டு.
நம்பாமல் அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சேஃப்டி ஆபீசர் குரியாக்கோஸ் வந்தார்.
டேப்பை இழுத்து உயரத்தை அளந்தார்.
எழுத எதுவும் கிடைக்காமல்
புதினா இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்தார்.
அடுத்த வாரமும் இன்ஸ்பெக்ஷன் என்றார்.
அதற்கடுத்த வாரமும்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை
முதல் முள்ளங்கியைப் பிடுங்கினோம்.
சுண்டுவிரல் நீளம், நடுவில் கால் பிரிந்து,
வெட்கங்கெட்ட வெள்ளை.
அட்டை வெட்டும் பிளேடைக் கழுவி
பதினான்கு வில்லை போட்டேன்,
ஒவ்வொன்றின் வழியாகவும் விளக்கு தெரிந்தது.

ஷஃபீகுல் வாயில் வைத்து
ஒரு பக்கமாக மென்று
யோசித்து,
என்னைப் பார்த்து,
அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழில் கேட்டான்:

‘உப்பு?’