காரணம் என்ற கட்டம்

ஆராதனை முடிந்து
நாற்காலிகளை அடுக்கும் சத்தம் ஓய்ந்த பிறகு
வெஸ்ட்ரி மேசையில் கவிழ்த்துக் கொட்டுவேன்
ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை.
வார நாட்களில் கூட்டுறவு வங்கிக்கு எண்ணும் விரல்கள்
ஞாயிறு மதியம் மஞ்சக்குப்பம் சபைக்கு எண்ணும்.

பதிவேட்டில் நான்கு கட்டம்:
தேதி, பெயர், தொகை, காரணம்.
கடைசிக் கட்டம்தான் ஆகச் சிறியது.
யார் அச்சடித்தாரோ,
கர்த்தர் ஒரு விரற்கடைக்கு மேல்
நன்மை செய்யமாட்டார் என்று நினைத்திருக்க வேண்டும்.

இன்பசேகரன், ஐந்நூறு, மகனுக்கு விசா.
ரோசலின் டீச்சர், இருநூறு, கண்புரை ஆபரேஷன்.
புது பைக். வளைகாப்பு. பதவி உயர்வு.
"செய்த எல்லா நன்மைகளுக்காகவும்" என்று
மொத்தமாய் முடித்துக்கொள்ளும் பதினைந்து கவர்கள்.
அவற்றுக்கு மேற்படி, மேற்படி, மேற்படி.

அப்புறம் அந்தக் கவர்.
பெயர் இருக்காது. உள்ளே ஒரு பத்து ரூபாய் நாணயம்,
இந்த ஊர்க் கடைகளில் யாரும் கையால் தொடாதது.
பென்சில் எழுத்து.
ஒற்றெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

"மழை நின்றதற்கு இல்லை. மழையில் பஸ் நின்றதற்கு."

"வியாழன் ராத்திரி சிப்காட் காத்து கடல் பக்கம் திரும்பினதுக்கு.
ஜன்னல் திறந்து தூங்கினோம்."

"மத்திக் குழம்பில் உப்பு கூட. அவர் ஒன்றும் சொல்லவில்லை."

"பல்வலி ஒரு பக்கம் மட்டும்."

போதகர் வாசிக்கும்போது
பெயர் குறிப்பிடாத ஒருவர், பத்து ரூபாய் என்பதோடு சரி.
நான்தான் முழுதும் எழுதுவேன்,
கட்டம் தாண்டி, ஓரம் தாண்டி, கோட்டின்மேல் ஏறி.
மாதக் கணக்கைப் பலகையில் ஒட்டும்போதும் அப்படியே.
தணிக்கைக்கு வந்த அருள்நேசன் கேட்டார்:
பல்வலியெல்லாம் வரவில் வருமா?
வந்ததே, என்றேன்.

என் பெயருக்கு இந்தப் பதிவேட்டில் வரி கிடையாது,
நான்கு வருடமாய்.
ஜிப்மரில் பதினோரு நாள் ஒன்றையே கேட்டேன்.
கிடைக்காததை எந்தத் தலைப்பில் எழுதுவது?
சுகமாகியும் திரும்பி வராத ஒன்பது பேரைப் பற்றிப்
பிரசங்கத்தில் வரும்போதெல்லாம் நினைப்பேன்:
சுகமாகாத பதினோராவது ஆள் ஒருத்தி
அதே பாதையில் நின்றிருப்பாளோ,
எண்ணிக்கையில் சேராமல்.

போன ஞாயிறு, அதே பென்சில்:

"காரணத்தை வெட்டாமல் எழுதுகிறவருக்காக."

பேனாவை எடுத்தேன்.
என்னையே நான் வரவு வைப்பதா?
மூடியைத் திருகித் திருகி
மின்விசிறிக்குக் கீழே வெகுநேரம்.
கவர் பறக்காமல் இருக்க
அந்த நாணயத்தையே அதன்மேல் வைத்திருந்தேன்.
பிறகு எழுதினேன். கை கொஞ்சம் கோணியது.
பெட்டியில் என் பத்து ரூபாய்த் தாளைப் போட்டுவிட்டு
நாணயத்தை எடுத்துக்கொண்டேன்.

கட்டணமில்லாப் பேருந்து போய்விட்டிருந்தது.
முதுநகர் போகும் தனியார் பஸ்
நிறுத்தம் தாண்டிப் போனது,
மனம் மாறியதுபோல் பத்தடி தள்ளி நின்றது.
கெடிலம் பாலத்தின் மேல் நடத்துனர் கை நீட்டினார்.
நாணயத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்
வேற இல்லையா என்ற கேள்விக்கு.
அவர் பார்க்கக்கூட இல்லை. பைக்குள் போட்டார்,
சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்,
பின்னால் போனார்.

பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் ஓடியது.

சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
கட்டம் எதுவும் இல்லை.
பெயர் எழுதவில்லை, தொகையும் இல்லை.
தேதி போட்டு,
பஸ் குலுங்கிய எழுத்தில்
இவ்வளவுதான் எழுதினேன்:

நாணயம் செல்லுபடியானதற்கு.