இறக்கையில் தொங்கும் கல்

காலாண்டு முடிவு வந்து
ஒரே நாளில் பத்தொன்பது விழுக்காடு ஏறிய மாலை
சாவோ பாவ்லோவில் என் தொலைபேசிக்கு
மூச்சுவிட நேரமில்லை.
"வாங்கலாமா, டல்வினா?"
கேட்டவர்களில் பாதிப் பேர்
மதியமே வாங்கிவிட்டவர்கள்.
இப்போது தேடுவது
ஆமாம் போட ஒரு குரல்.

நிறுவனத்தின் பெயர் அரபோங்கா.
கொல்லன் சம்மட்டி போலக் கத்தும்
வெள்ளைப் பறவையின் பெயர்.
காட்டில் அதன் சத்தம் போகும் தூரத்துக்கும்
அதன் உடம்புக்கும்
சம்பந்தமே இருக்காது.
இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது.

லாபம் இரட்டிப்பு. சரி.
ஆர்டர்கள் ஐந்தாண்டு வேலைக்குக் காணும். சரி.
ரொக்கம் பெருகியிருக்கிறது.
பென்சில் இங்கே நின்றது.
இருபத்தொன்பதாம் பக்கம், பதினேழாம் குறிப்பு,
எறும்பு எழுத்து:
வந்த ரொக்கத்தில் முக்கால் பங்கு
விமானம் கேட்டவர்கள் கொடுத்த முன்பணம்.
உலை வைக்கும் முன்பே
பந்திக்கு வாங்கிய காசு.
வரவுப் பக்கத்தில் சிரிக்கிற அதே தொகை
கடன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது
உர்ரென்று.

சரக்கிருப்பு ஏன் இத்தனை கொழுத்தது என்று
அழைப்பில் கேட்டேன்.
நிதித் தலைவர் "தற்காலிகம்" என்றார்.
முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சொல்லை
எங்கெங்கே சந்தித்தேன் என்று எழுதினால்
அது தனி அறிக்கை.

விடியுமுன் டுட்ரா நெடுஞ்சாலையில்
தொண்ணூறு கிலோமீட்டர்.
சாவோ ஜோசேயில், வேலிக்கு அந்தப் பக்கம்,
மூடுபனி விலக விலக ஒவ்வொன்றாக வந்தன
புது வண்ணம், புது வால்,
இன்னும் யாரும் சாய்ந்து பார்க்காத சன்னல்கள்.
எண்ணினேன். பதினான்கு.
ஒன்றிலும் எஞ்சின் இல்லை.
எஞ்சின் தொங்கவேண்டிய இடத்தில்
மஞ்சள் பூசிய கான்கிரீட் கல்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
இங்கே பதினான்கு பருக்கை,
எல்லாம் நறுக்கரிசி.

வாசலில் தள்ளுவண்டி. காப்பி, சீஸ் ரொட்டி.
இரவு ஷிப்ட் முடித்து வந்த பையனின்
சட்டைப் பையில் எவெரால்டோ என்று தைத்திருந்தது.
"அந்தக் கல் எதுக்கு?"
"இல்லேன்னா வால் மேல உட்கார்ந்துரும்,"
ரொட்டி நிறைந்த வாயோடு சொன்னான்.
"முன்னால கனம் வேணும்ல."
பிறகு என் காலணியைப் பார்த்தான், காரைப் பார்த்தான்.
"போனஸுக்குப் பதிலா நானூறு பங்கு கொடுத்தாங்க.
வித்துரலாமா?"

அறிக்கை வெளியாகும்வரை எனக்கு வாய்ப்பூட்டு.
மழையைப் பற்றிப் பேசினேன்.
அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை,
மரியாதையாக வானத்தைப் பார்த்தான்,
பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

காருக்குள், மடியில் கணினி சுட,
கூட்டிக் கழித்தேன்.
எஞ்சின்கள் மூன்று மாதத்தில் வந்தால்
பங்கு நாற்பத்தாறு ரெயால் பெறும்.
வராவிட்டால் முப்பத்து மூன்று.
நேற்று முடிந்தது நாற்பத்தைந்தரையில்.
நல்ல சேதிக்கு இன்னும் அரை ரெயால் பாக்கி,
கெட்ட சேதிக்குப் பன்னிரண்டரை.
எஞ்சின் செய்கிறவன் வேறொரு கண்டத்தில்,
அவன் வாசலிலும் வரிசை.

நல்ல நிறுவனம்தான்.
நேற்றுக் காலைவரை நல்ல விலையும்கூட.
"வாங்கு" என்று நானே நான்கு மாதமாகச் சொன்னதை
அடித்துவிட்டு "வைத்திரு" என்று எழுதினேன்.
எங்கள் தொழிலில் அது
பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் "வில்".
ஏழு நாற்பதுக்கு அனுப்பினேன்.

பத்து மணிக்குச் சந்தை திறந்தது.
இன்னும் இரண்டு விழுக்காடு ஏறியது.
முதல் அழைப்பில் ஒருவர் சிரித்தார்,
இரண்டாமவர் சிரிக்காமல் வைத்துவிட்டார்.

அறிக்கை இப்போது யாரும் படிக்கலாம்.
எவெரால்டோ மட்டும்
தூங்கிக்கொண்டிருப்பான்.