ஜூஸ் கடை

காவேரிப்பட்டணம் மண்டி.
இன்னும் விடியாத ஐந்து மணி.
தராசுக்குப் பின்னால் மாதப்பன்
துண்டால் ஈ ஓட்டுகிறார்.

முற்றாததில் முப்பது கிலோ கேட்டேன்,
அடிபடாதது, காம்போடு.
"கூழ் ஃபேக்டரிக்காரனே இப்படிப் பொறுக்க மாட்டான்,
எதுக்குப்பா?"
ஜூஸ் கடைக்கு என்றேன்.

முழுப் பொய் இல்லை.
பிழிகிறோம்தான்.
தோலை மூன்று நாள் ஜின்னில் ஊறவைத்து
கண்ணாடியாய்த் தெளியும்வரை வடிகட்டி
கையால் செதுக்கிய ஒற்றை ஐஸ்மேல் ஊற்றி
'கிருஷ்ணகிரி' என்று அட்டையில் அச்சடித்திருக்கிறோம்.
இங்கே அந்தக் காய்க்குப் பெயர்
பெங்களூரா.

"கிளாஸ் என்ன விலை?"
தொண்ணூறு.
விழுங்கிய சைபர்
தொண்டையில் இன்னும் உருள்கிறது.
"தொண்ணூறா! பகல் கொள்ளை"
ஒரு காயைக் கீறி
உப்பு மிளகாய் தடவி நீட்டினார்.
பல் கூசியது.
ஷெனாய் மேடம் ஆறு மாதமாய்
சொட்டுச் சொட்டாய்த் தேடும் புளிப்பு.
அவரிடம் எதுவும் சொல்லவில்லை.
போனில் குறித்துக்கொண்டேன்:
உப்பு, இன்னும் ஒரு சிட்டிகை.

ஒரு மாதம் கழித்துப் போனால்
எனக்கு முன்னால் நான்கு பையன்கள்.
ஒருவன் கட்டைவிரலில் தோல் சீவிய தழும்பு.
இன்னொருவனைத் தெரியும்,
எங்கள் கவுண்டரில் ஒரே கிளாஸை
ஒரு மணி நேரம் முகர்ந்துகொண்டிருந்தவன்.
எல்லோருக்கும் முற்றாதது, காம்போடு.
கிலோவுக்கு எட்டு ரூபாய் ஏறியிருந்தது.

நாங்கள் ஒருவரை ஒருவர்
பார்த்துக்கொள்ளவில்லை.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
மாதப்பன் கேட்டார்:
"ஏம்ப்பா, பெங்களூர்ல
தண்ணிக்குத்தானே கஷ்டம்னாங்க,
இத்தனை ஜூஸ் கடையா?"